அறை எண் 7115, நடுக்கடல்

தபால் மாமாவுக்கு ஒரு விஷயம் அத்துப்படி. கதவு எண். முப்பத்திநாலு வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒற்றைப்படை எண் தெருவின் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப் பக்கம், புதிதாக முளைத்த வீடுகளுக்கு ஏ, பி என்று வால் முளைக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். பையை இறக்கி வைத்து இரண்டு வருஷமாகியும், முன்பின் தெரியாத தெருவில் கால் வைத்தால் கண் தானாக எண் பலகையைத்தான் தேடும். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, கப்பலில் மூன்று அறைகளை நம்பர் பார்த்துப் பதிவு செய்து கொடு என்று சொன்னால் மனுஷனுக்குத் தலைகால் புரியுமா?

சொன்னவள் அவர் மனைவியின் அண்ணன் மகள். மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கடைக்கு அவரை வரவழைத்து, இருமல் மருந்து அடுக்கியபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"மாமா, அடுத்த மாசம் நானும் அவரும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறோம். திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. அதுக்குள்ள நாலு நாள் எல்லாரும் கப்பல்ல போறோம். அப்பாவும் அத்தையும் பேசியாகணும். எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணும். அத்தை இல்லாத போட்டோவை நான் அங்க கொண்டு போய் மாட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

"நான் என்னம்மா பண்ண முடியும்?"

"அறை எடுக்குறது உங்க பொறுப்பு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காம தப்பிக்கவே முடியாத மாதிரி எடுங்க."

சண்டை என்னவென்று கேட்கிறீர்களா? ஒரு போட்டோதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த மருந்துக்கடைக்காரியின் கல்யாணம். மேடையில் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் நின்றாயிற்று. மணப்பெண்ணின் காதில் ஒரு தோட்டைக் காணோம். அத்தைக்காரிதான் பதறிப்போய், "இருங்க, ஒரு நிமிஷத்துல தேடிட்டு வந்துடுறேன்" என்று உள்ளே ஓடினாள். மெத்தைக்கு அடியில் கிடந்த தோட்டைக் கையில் பொத்திக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றபோது, படம் எடுத்தாகிவிட்டது. எடுக்கச் சொன்னவர் அவள் அண்ணன். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் நேரமானால் விசில் ஊதிவிடுகிற ஆள். "மணியாச்சு, எடுங்கப்பா" என்று கல்யாண மண்டபத்திலும் ஊதிவிட்டார். படம் இப்போது அவர் வீட்டு முன்னறையில், ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. தங்கை மட்டும் அதில் இல்லை. அன்றிலிருந்து அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தபால் மாமா இந்தச் சண்டையை மனதுக்குள் மதித்ததே இல்லை. ஒரு போட்டோவுக்கா மூணு வருஷம் என்று நினைப்பார். நினைப்பதோடு சரி. மனைவியிடம் சொல்லிவிட்டு வீட்டில் சோறு தின்ன முடியாது.

பயண அலுவலகத்தில் காதில் இயர்போன் மாட்டிய ஒரு பெண் கம்ப்யூட்டர் திரையில் கப்பலின் வரைபடத்தைக் காட்டினாள். மாமா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"7114 என் மச்சானுக்கு. 7112 அவர் மகளுக்கு. 7115 எங்களுக்கு. எதிரெதிர் கதவு. நடுவுல தெரு. காலையில கதவைத் திறந்தா மூஞ்சியில முழிச்சே ஆகணும்!"

"சார், கப்பல்ல வந்து நம்பர்..."

"நம்பர் விஷயத்துல எனக்கே பாடம் எடுக்காதம்மா. எத்தனை ஆயிரம் கதவைத் தட்டியிருக்கேன் தெரியுமா?"

அந்தப் பெண் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். மாமா கையைக் காட்டினார். அவள் வேறு வழியில்லாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

"கப்பலுக்கு வர்றேன், என் பொண்ணு மாதிரி வளத்தவளுக்காக வர்றேன்" என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "ஆனா உங்க மச்சான் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." மாமா தலையை ஆட்டிக்கொண்டார். மனதுக்குள் சிரித்துக்கொண்டார் என்பதுதான் உண்மை.

கப்பல் ஏறி, ஏழாம் தளத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு நீளமான நடையில் போனார்கள். 7111, 7113, 7115. மாமா பெருமையோடு திரும்பி எதிர்க் கதவைப் பார்த்தார். எதிரில் கதவே இல்லை. சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு மீன் படம்.

விஷயம் இதுதான். கப்பலில் ஒற்றைப்படை அறைகள் ஒரு விலாப்பக்கம், இரட்டைப்படை அறைகள் மறு விலாப்பக்கம். அது வரை மாமாவின் கணக்கு சரிதான். நடுவில் தெருதான் இல்லை. ஒரு ஊரே இருந்தது. படிக்கட்டு, நாலு லிஃப்ட், துணி அடுக்கும் அறை, ஜன்னலே இல்லாத அறைகள் ஒரு வரிசை. 7115இலிருந்து 7114க்குப் போக முன்பக்கப் படிக்கட்டு வரை நடந்து, சுற்றி, மறுபக்க நடையில் திரும்பி வர வேண்டும். மாமா காலடியை எண்ணிப் பார்த்துவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு.

மனைவிக்கு வாயெல்லாம் பல். "பரவாயில்லையே! நான் சொன்னதைக் கேட்டு அவங்களைக் கப்பலோட அந்தக் கோடியில போட்டுட்டீங்களே! உங்களுக்கும் மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதை ரசிக்கக்கூட முடியவில்லை அவரால்.

மருந்துக்கடைக்காரி படிக்கட்டுப் பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? சாப்பாட்டு மேசைகூட அறைப் பக்கத்தை வெச்சுத்தான் குடுத்திருக்காங்க. அத்தை அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். நாலு நாளும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே இறங்கிடலாம்!" அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கப்பல் நிரம்பி வழிகிறது என்று பதில் வந்தது. மாமாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்தப் பெண் அவரிடம் கேட்டது ஒரே ஒரு உதவி. அதுவும் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தையில்.

மறுநாள் காலை சனியன் ஒரு வெந்நீர்க் குடுவை உருவத்தில் வந்தது. மனைவியின் குடுவை, துறைமுகத்தில் பைகள் கலந்ததில் அண்ணன் வீட்டுப் பெட்டியோடு போய்விட்டிருந்தது. அறையில் போன் இருந்தது. ஆனால் போனில் பேசினால் பேசியதாக ஆகிவிடுமே!

"போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க."

இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. மச்சான் கதவைத் திறந்தார். "மூணு வருஷம் அண்ணன் இல்லாம இருந்தவ, நாலு நாள் குடுவை இல்லாம இருக்க மாட்டாளாமா? போய்ச் சொல்லுங்க மாப்பிள்ளை." இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. "ஓ, அப்படிச் சொன்னாரா? குடுவைக்கும் விசில் ஊதச் சொல்லுங்க, அதுவா நடந்து வரும்." மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு. மாமாவின் முழங்கால் ஐந்தாவது நடையில் கையெடுத்துக் கும்பிட்டது. வாய்க்கு வந்ததைச் சுமந்து சுமந்து அவருக்கே வாய் கசந்துவிட்டது.

கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். "இனிமே ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன். முப்பத்திநாலு வருஷம் நான் சுமந்தது எழுத்தை. வாய்ப்பேச்சைச் சுமக்க எனக்கு யாரும் சம்பளம் குடுக்கல. வேணும்னா எழுதிக் குடு, கொண்டு போறேன்."

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. சத்தியமாக முழங்கால் வலிதான்.

"எழுதினா என்ன, பயமா?" என்று சொல்லிவிட்டு மனைவி மேசை மேல் கிடந்த கப்பல் காகிதத்தையும் பேனாவையும் வெடுக்கென்று எடுத்தாள். அவளுக்கு ஒரு பழக்கம். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். ரேஷன் படிவம் நிரப்பினாலும் அப்படித்தான்.

"அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் நலம். அங்கு உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். நிற்க. என் வெந்நீர்க் குடுவை..."

பேனா நின்றது. அவள் எழுதியதை அவளே வாயைப் பிளந்து பார்த்தாள்.

பாவம், அவள் மேல் தப்பில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வெளியூர் டிப்போவில் வேலை பார்த்த ஆறு வருஷமும் வாரம் ஒரு கடிதம் எழுதியவள். அந்தக் கைக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது. அண்ணனின் பதிலை அந்த நாளில் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர் யார் என்கிறீர்கள்? நம்மவர்தான். வாரா வாரம் வாசலில் காத்து நிற்கிறாளே, நமக்காகத்தான் நிற்கிறாள் என்று நம்பித்தான் பெண் கேட்டுப் போனார். கடிதத்துக்காக நின்றாள் என்று தெரிய வந்தபோது முதல் குழந்தை பிறந்திருந்தது.

"குடுங்க இப்படி, கிழிச்சுட்டு வேற எழுதுறேன்!"

மாமா அதற்குள் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். "பெட்டியில போட்டது போட்டதுதான். திருப்பிக் குடுக்குற வழக்கம் கிடையாது." முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

7114ஐத் தட்டும்போது அவரையும் அறியாமல் பழைய குரல் வந்துவிட்டது. "சார், தபால்!"

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். அண்ணியின் கையில் கொடுத்து அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு திண்டாட்டம்.

"நலமான்னு கேட்டிருக்காளே மாப்பிள்ளை. பதில் போடாம எப்படி இருக்கிறது?"

காகிதத்தின் மேல் மூலையில் முதலில் 'காலை 9.42' என்று எழுதினார். அப்புறம்தான் 'அன்புள்ள தங்கைக்கு' வந்தது. எழுதி முடித்ததும், "சரியா இருக்கான்னு நீயே ஒரு தடவை படி" என்று அண்ணியிடம் நீட்டினார். அண்ணி உரக்கப் படித்தாள். நாங்கள் இருவரும் நலம், எனக்குத்தான் கப்பல் கிளம்பியதிலிருந்து தலைசுற்றல், குடுவையை இத்துடன் அனுப்பியுள்ளேன், பெற்றுக்கொண்டதற்குப் பதில் எழுதவும்.

"தலைசுத்தலா!" என்றாள் மனைவி, 7115இல் கடிதத்தை வாங்கிப் படித்தவுடன். "சின்ன வயசுலயே பஸ்ல பின் சீட்டுல உக்காந்தா வாந்தி எடுப்பாரே! அந்த இஞ்சி மிட்டாயை எடுங்க. இருங்க, எழுதித் தர்றேன்."

அன்று நாலு கடிதம். அடுத்த நாள் ஒன்பது. மாமா தினமும் சவரம் செய்துகொண்டு, சட்டையை உள்ளே விட்டு, நடையின் நடுவில் நிமிர்ந்து நடந்தார். அறை கூட்டும் பணியாளர்கள் அவரைப் பார்த்தால் வழிவிட்டு ஒதுங்கினார்கள், கப்பலில் ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்து. மருந்துக்கடைக்காரி ஒவ்வொரு நடைக்கும் தன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "என்ன மாமா, எப்படிப் போகுது?" என்று கிசுகிசுப்பாள்.

"தபால் ரகசியம்மா. சொல்லக் கூடாது" என்பார் மாமா. அப்புறம், "நேத்து ராத்திரி நல்லா தூங்கினீங்களான்னு கேட்டிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆனால் போட்டோவைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரு வரி எழுதவில்லை. மிட்டாய், தலைவலித் தைலம், ஜன்னலில் தெரிந்த மீன் கூட்டம் என்று எல்லாம் வந்தது. அது மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் பிற்பகலும் ஓடிவிட்டது. மறுநாள் காலை படம் எடுப்பவர் நடுக்கூடத்துப் பெரிய படிக்கட்டுக்கு வருவார், மதியம் எல்லாரும் இறங்க வேண்டும். 

அன்று மனைவி வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதினாள். நாலாக மடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். மச்சானும் அதை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். மாமா வாசலிலேயே நின்றார். பதிலைக் கொண்டுவந்து கொடுத்ததும் மனைவி படித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

"படிங்க."

"அடுத்தவங்க தபாலை நான் படிக்கிறதில்ல."

"அட, படிங்கன்னா!"

மேல் மூலையில் மணி எழுதியிருக்கவில்லை. கீழே இப்படி இருந்தது: 'தோடு கிடைக்கப் பத்து நிமிடம் ஆனது என்று எழுதியிருக்கிறாய். இல்லை. மூன்று நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரோ முன்பின் தெரியாதவர் பையோடு ஓடி வருகிறார் என்று எத்தனையோ பஸ்ஸை மூன்று நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறேன். உனக்காக நிறுத்தவில்லை. அந்தப் படத்தை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.'

மாமா கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசி நாள் காலை மனைவி புதுப் புடவை கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்றபடியே இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தாள். படம் எடுக்க வருகிறேன், எனக்காகக் காத்திருக்கவும். மாமா பறந்தார். 7114ஐத் தட்டினார். பதில் இல்லை. 7112. அங்கேயும் இல்லை.

நடந்தது என்னவென்றால், வீட்டில் யாருக்கும் காத்திருக்காத மச்சான் தங்கையின் கடிதத்துக்கும் காத்திருக்கவில்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டு வழியாகத் தங்கையின் கதவுக்கே போய்விட்டார். மாமா முன்பக்க வழியில் போன அதே நேரம். அவள் கதவைத் திறந்தாள். மூஞ்சியில் முழித்தாள். "வாண்ணே" என்றாள். அவ்வளவுதான், மூன்று வருஷம் முடிந்தது. இதைப் பார்க்கத்தான் மாமா இத்தனை பாடுபட்டார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். மனசு வரவில்லை. இது முக்கியமான தபால், ஆள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று பூட்டிய கதவுக்கு முன்னால் கால்மணி நேரம் காவல் நின்றார். அப்புறம்தான் சந்தேகம் வந்து நடுக்கூடத்துக்கு ஓடினார்.

பெரிய படிக்கட்டில் எல்லாரும் இருந்தார்கள். அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நடுவில். மகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் எடுப்பவர் கேமராவை இறக்கி, "அருமை, முடிஞ்சுது" என்றார். அடுத்த குடும்பம் படியேற ஆரம்பித்தது.

மனைவிதான் முதலில் பார்த்தாள், கீழ்ப்படியில் கையில் கடிதத்தோடு நிற்கும் புருஷனை.

"ஐயையோ!" என்று வாயில் கை வைத்தாள்.

மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "மாப்பிள்ளை... தங்கச்சி வந்துட்டாங்குற சந்தோஷத்துல... நான்தான் எடுக்கச் சொல்லிட்டேன்..."

ஒரு போட்டோவுக்கா மூணு வருஷம் என்று நினைத்தவருக்கு, அந்தக் கீழ்ப்படியில் நின்ற மூன்று விநாடியில் எல்லாம் புரிந்துவிட்டது. நெஞ்சு வலித்தது, நிஜமாகவே வலித்தது. அவர்கள் அவர் இல்லாமலே நிறைவாக நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்த்து, ஒரு ஆள் குறையுதே என்று கேட்கவில்லை.

"மாமா, இன்னொண்ணு எடுத்துக்கலாம், வாங்க மாமா!"

"எடுத்தது எடுத்ததுதாம்மா." கடிதத்தை மச்சான் கையில் கொடுத்தார். கடமை கடமைதானே. "யாரும் எங்கிட்ட எதுவும் பேச வேண்டாம். சொல்றதா இருந்தா எழுதிக் குடுங்க."

விடுவிடுவென்று நடந்து போய் 7115இன் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்தார். பெட்டியைக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். கோபமாக இருக்கிறாரா, அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெளியே காலடிச் சத்தம், குசுகுசுப்பு, "நீ எழுது", "நீங்க எழுதுங்க அண்ணே" என்ற பேச்சு. அப்புறம் கதவுக்கு அடியில் ஒரு உறை நுழைந்தது. கதவு ஒரு தட்டுத் தட்டப்பட்டது.

"சார், தபால்!" என்றது மச்சானின் குரல்.

மாமா குனிந்து எடுத்தார். உறையின் மேல் மனைவியின் கையெழுத்து. 'உயர்திரு தபால்காரர் அவர்கள், அறை எண் 7115, நடுக்கடல்.' பழக்கத்தில் முதலில் எண்ணைத்தான் சரிபார்த்தார். சரியாக இருந்தது. எத்தனை ஆயிரம் கதவுக்குக் கொண்டு போயிருப்பார்! வேலைக்கான உத்தரவைத் தவிர, அவருக்கென்று எழுதி ஒரு கடிதம் வந்தது இதுவரை கிடையாது. அவருக்கு யார் எழுதுவார்கள், அவர்தான் தினமும் எல்லார் வாசலுக்கும் போய்க்கொண்டிருந்தாரே.

பிரித்தார். எல்லாரும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். முதல் பகுதி மனைவி.

'அன்புள்ள கணவருக்கு, மனைவி எழுதிக்கொள்வது. இங்கு நடையில் நாங்கள் அனைவரும் நலம். அங்கு உள்ளே தங்கள் நலமறிய ஆவல். நிற்க. எடுத்த படத்தை அழிக்கச் சொல்லிவிட்டோம். படம் எடுப்பவரைக் கையோடு பிடித்து வந்து இங்கே நிறுத்தியிருக்கிறோம். அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டார். தாங்கள் வரும் வரை காத்திருப்போம். நான் அந்தக் காலத்தில் வாசலில் நின்றது கடிதத்துக்காகத்தான். ஆனால் கடிதம் இல்லாத வாரமும் நின்றிருக்கிறேன். நீங்கள் கவனிக்கவில்லை.'

மாமா அந்தக் கடைசி வரிகளை இன்னொரு தடவை படித்தார். அப்புறம் இன்னொரு தடவை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவர், நின்றார். திரும்பி மேசைக்குப் போனார். ஒரு கடிதம் வந்தால் பதில் போடாமல் எப்படி?

"மாப்பிள்ளை, கரை தெரியுது..." என்றது வெளியே மச்சானின் குரல்.

"சும்மா இருண்ணே, அவர் வரட்டும்" என்றாள் மனைவி.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். வெள்ளைக் காகிதத்தை நேராக வைத்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார்.

'அன்புள்ள மனைவிக்கு, இங்கு நான் நலம்.'